பொது டிஸ்க்

பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, அரியலூரில் அதற்கு ஒரு கிளை. இரண்டு ஊரிலுமாக மூன்று சர்வர்கள். மூன்றும் ஸ்கேன் படங்களை ஒரே பொது டிஸ்க்கில்தான் வைத்திருந்தன. எங்கே எடுத்த ஸ்கேனையும் எங்கிருந்தும் டாக்டர் பார்க்கலாம். நல்ல ஏற்பாடுதான். அந்த டிஸ்க் செத்துப்போன பிறகுதான் பேக்கப் போட என்னைக் கூப்பிட்டார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

"மூணு சர்வர்லயும் தினம் பேக்கப் ஓடுதுங்க சார். பச்சை டிக் வருது" என்றார் மேனேஜர். வந்தது உண்மைதான். திறந்து பார்த்தால், மூன்றிலுமே பொது டிஸ்க்கை மட்டும் விலக்கி வைத்திருந்தார்கள். ஒரே படத்தை மூன்று தடவை எதற்கு நகல் எடுப்பது, வேறொரு சர்வர் எடுத்துக்கொள்ளும் என்று சர்வர்களைப் பார்த்துக்கொண்ட ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள். எல்லாரும் பல்லக்கில் ஏறிக்கொண்டால் தூக்குவது யார்? எனக்கு வந்த கோபத்தில் மேனேஜரிடம் கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன்.

புது டிஸ்க் வந்தது. அதை நகல் எடுக்கும் பொறுப்பை ஒரே சர்வரிடம் கொடுத்தேன். எடுத்த நகலிலிருந்து ஒரு படத்தைத் திரும்பக் கொண்டுவந்து, ஒழுங்காகத் தெரிகிறதா என்று சொல்ல ஸ்கேன் ரூம் நர்ஸைப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தேன். அப்போது மேனேஜர் ஒருவரை அழைத்து வந்தார்.

லப்பைக்குடிக்காட்டுக்காரர், துபாயில் வேலை. மனைவிக்கு எட்டாம் மாதத்தில் குழந்தை இறந்தே பிறந்திருக்கிறது. லீவு கிடைத்து அவர் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. பார்த்துப் பார்த்து அழுவாள் என்று வீட்டுப் பெண்கள் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் கிழித்துப் போட்டுவிட்டார்களாம்.

"பொம்பளப் புள்ள சார். மொகத்த ஒரு தடவ பாக்கணும். கம்ப்யூட்டர்ல இருக்கும்னு சொன்னாங்க."

மேனேஜர் என்னைப் பார்த்தார். இல்லை என்று சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. டிஸ்க் போய்விட்டது, நகலும் இல்லை என்று சொன்னேன். மூன்று சர்வர் கதையை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர் கோபப்படவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஸ்கிரீனில் இருந்த யாரோ ஒருவரின் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றவர், "இங்க யாராச்சும் அத பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"நான் பாத்தேங்க" என்றார் நர்ஸ். "வெரல வாயில வச்சிக்கிட்டு இருந்துச்சு. மூக்கு அப்படியே உங்க மூக்குங்க."

அவர் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். "அல்ஹம்துலில்லாஹ்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

காலையிலிருந்து சாயங்காலம் வரை கர்ப்பிணிகள் வரிசையில் நிற்கிற அறை அது. உண்மையிலேயே ஞாபகம் இருக்கிறதா என்று நான் அந்த நர்ஸிடம் கேட்கவில்லை. அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.