மூன்று காலில் ஓடிய ராஜா

ஆரணியில் எங்கள் தெருவில் விடிந்ததும் நெசவுக்கான பட்டு இழைகளைப் பாவாக நீட்டிக் கட்டிவிடுவார்கள். அந்த இழைகளுக்குள் ஒரு ஆடு புகுந்தால் போதும், அன்றைய வேலை பாழ். ஆடுகளை அண்டவிடாமல் பார்த்துக்கொண்டது எங்கள் ராஜா, செம்பட்டை நிற நாட்டு நாய். வீட்டில் ராஜாவுக்கு இருந்த மரியாதை சித்தப்பாவுக்கு இருந்ததில்லை. அவரால் தறியில் சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் உட்கார முடியாது. அரிசி மண்டிப் பக்கம் சீட்டாடப் போய்விடுவார்.

எண்பதுகளின் தொடக்கத்தில், நான் ஆறாவது படித்தபோது, ராஜாவின் முன்னங்கால் வீங்கியது. மாட்டாஸ்பத்திரி டாக்டர் தடவிப் பார்த்துவிட்டு, எலும்பில் புற்றுநோய் போலிருக்கிறது என்றார். மெட்ராஸில் காலை எடுத்துவிடுவார்கள். வேண்டாமென்றால் வலியில்லாமல் போய்ச்சேர ஊசி இருக்கிறது என்றார்.

"ஊசியே போட்டுடலாம். மூணு கால வெச்சிகினு அது இன்னா பொழப்பு பொழைக்கும்?" என்றார் அப்பா.

"நேத்திகூட நொண்டிகினே ஆட்ட தொரத்துச்சிண்ணா. அதுக்கு இன்னும் ஆசை இருக்குது" என்றார் சித்தப்பா.

மறுநாள் மெட்ராஸுக்குப் போகும் அரிசி லாரியில், மூட்டைகள்மேல் உட்கார்ந்து, ராஜாவை மடியில் கிடத்திக்கொண்டு கிளம்பினார் சித்தப்பா. தெருவே சிரித்தது.

ராஜா மூன்று காலோடு திரும்பி வந்தது. கூடவே, மனிதர்களுக்குப் புற்றுநோய்க்குப் போடுகிற மருந்தை அவ்வப்போது ஊசியாகப் போட வேண்டுமென்ற மெட்ராஸ் டாக்டரின் யோசனையும் வந்தது. ஊசி போட்ட அன்று ராஜா வாந்தியெடுத்துச் சுருண்டுவிடும். சித்தப்பா சீட்டை மறந்து பக்கத்திலேயே இருப்பார். கஞ்சியை விரலில் தொட்டு நாக்கில் தடவுவார். ஓரிரு நாளில் அது எழுந்து தட்டை நக்கினால்தான் அவர் காப்பி குடிப்பார்.

காயம் ஆறியதும் ராஜா வேலைக்குத் திரும்பியது. நொண்டி நாய்தானே என்று அலட்சியமாகப் பாவுக்குள் கழுத்தை நீட்டிய கிடா ஒன்று, தெருக்கோடி வரை கத்திக்கொண்டே ஓடியது. முன்பு சிரித்தவர்களெல்லாம் கை தட்டினார்கள். அந்த வருஷத்து மழைக்காலம் முழுக்க ராஜா அப்படித்தான் இருந்தது, தின்றுகொண்டும் குரைத்துக்கொண்டும்.

பனிக்காலத்தில் இருமல் வந்தது. நோய் நுரையீரலுக்குப் போய்விட்டதாம். இன்னும் கடுமையான மருந்து இருக்கிறது, கொஞ்சம் நாளைக் கூட்டலாம் என்றார் டாக்டர்.

"அந்த நாள்ல அவன் எழுந்து நடப்பானா சார்? சாப்புடுவானா?" என்று கேட்டார் சித்தப்பா.

"சந்தேகந்தான். படுத்துகினே இருக்கும். உயிர் இருக்கும்."

"அப்ப வேணாங்க. வலிக்கு மட்டும் குடுங்க."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "கூட்டிகினு வர உங்களுக்கு பேஜாரா இருக்குது, அதான் வேணான்றீங்க" என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே கத்தினேன். சித்தப்பா ராஜாவைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

அதன்பின் தினமும் காலையில் அதைத் தூக்கிவந்து பாவு ஓரத்தில் வெயிலில் படுக்கவைப்பார். ராஜா படுத்தபடியே உறுமும். ஆடுகள் அதற்கே விலகிப் போகும். ஒரு நாள் ஒரு குட்டி அதன் மூக்கை உரசிக்கொண்டு போயும் ராஜா தலையைத் தூக்கவில்லை. அவித்த முட்டையை முகரக்கூட இல்லை. சித்தப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் டாக்டரை வீட்டுக்கே அழைத்து வந்தார். டாக்டர் முதலில் சொன்ன அந்த ஊசி ஏறும்போது ராஜாவின் தலை சித்தப்பாவின் மடியில் இருந்தது. காதைத் தடவிக்கொண்டே, "போதுண்டா கண்ணு, நல்லா ஓடிட்ட" என்றார்.

தோட்டத்தில் புதைத்துவிட்டுக் குளித்து வந்தவர், அம்மாவிடம் சோறு போடச் சொன்னார். நான் மூலையில் விம்மிக்கொண்டிருந்தேன். அவர் இரண்டாவது முறையும் குழம்பு கேட்டு வாங்கி, அந்தக் கிடா கத்திக்கொண்டு ஓடியதைச் சொல்லிச் சிரித்தபடியே சாப்பிட்டார். இந்த ஆளுக்கு மனசே இல்லை என்று நினைத்தேன். எடுத்த காரியத்தை நடுவில் விடாமல் முழுசாகச் செய்து முடித்தவனின் பசி அது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.