என் பெயரில் அவள்

எங்கள் ஆபீஸில் கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. தூசி பட்டால் மெஷின் கெட்டுப்போகும் என்று யாரோ ஒருமுறை சொல்லி, அது கோயில் விதி போல் ஆகிவிட்டிருந்தது. மைசூரில் ஊதுபத்தி ஏற்றுமதி செய்கிற கம்பெனி அது. கீழே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பத்திகளைப் பெட்டியில் அடுக்குவார்கள். கட்டடம் முழுக்கச் சந்தன வாசனை. மாடியில் அந்த ஓர் அறையில் மட்டும் ஏ.சி. ஓடும். அதன் வாசலில் இரண்டு ஜோடிச் செருப்புகள் கிடக்கும். வார் அறுந்து தைத்தது என்னுடையது. குதிகால் உயர்ந்தது அவளுடையது.

அவள் கொள்ளேகால் பக்கத்துப் பெண். எனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவள், என்னைவிடச் சின்னவள், கல்யாணம் ஆகாதவள். சாயங்காலம் வேலை முடிந்ததும் தேவராஜ மார்க்கெட்டில் மல்லிகை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, எங்கேயாவது கோபி மஞ்சூரி தின்றுவிட்டு, நிதானமாக ஹாஸ்டலுக்குப் போவாள். நான் மணி அடித்ததும் பஸ் பிடிக்க ஓடுவேன். வீட்டில் குழந்தை மாமியாரிடம் பால் குடித்தானா, கக்கினானா என்ற நினைப்பிலேயே ஸ்டாப்பைத் தவறவிட்டதும் உண்டு. அவள்மீது எனக்குப் பொறாமை இருந்தது. அசதி என்று சொல்லிப் பார்த்தேன், பிள்ளை பெற்ற உடம்பு என்று சொல்லிப் பார்த்தேன். பொறாமைதான்.

கம்ப்யூட்டரில் எங்கள் இருவருக்கும் தனித்தனி லாகின். நம் பெயரை அடித்து, பாஸ்வேர்டையும் அடித்தால்தான் பச்சை எழுத்துத் திரை திறக்கும். லீவில் போகிறவள் பீரோச் சாவியைக் கொடுப்பது போல் பாஸ்வேர்டையும் மற்றவளிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பது எங்கள் ஆபீஸ் வழக்கம். பிரசவ லீவில் போனபோது நானும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனேன். ஏற்றுமதி வேலை அப்போது என்னுடையது. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், மாதாந்திர ரிப்போர்ட் எல்லாம் என் லாகினில் இருந்தன. ஸ்டாக் கணக்கு அவளுடையது.

லீவு முடிந்து திரும்பி வந்தேன். அவள் என் லாகினில், என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் மூன்று நாள் உட்கார்ந்து போட்ட ரிப்போர்ட்டை மதியத்துக்குள் எடுக்கும்படி புரோகிராம் எழுதி வைத்திருந்தாள். அப்போதிருந்த மேனேஜர் வயதானவர், ரிடையர் ஆகப்போகிறவர்.

"ஓடற வண்டியில சக்கரம் மாத்த வேண்டாம்மா. நீ கொஞ்ச நாளைக்கு அவ லாகின்ல ஸ்டாக்கைப் பாரு" என்றார்.

அவரும் ரிடையர் ஆகிப் போனார். கொஞ்ச நாள் என்பது நிலைத்துவிட்டது. ஒருத்தி செருப்பை இன்னொருத்தி மாட்டிக்கொண்டு கிளம்பிய மாதிரி, நான் அவள் பெயரில் வேலை செய்தேன், அவள் என் பெயரில் செய்தாள். முதல் நாளே நான் ஒரு காரியம் செய்தேன். அவள் லாகினின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். இனி அது நான் இருக்கிற இடம், அவள் எட்டிப் பார்க்கக் கூடாது.

இதில் ஒரு விஷயத்தை யாரும் யோசிக்கவில்லை. ரிப்போர்ட்டின் அடியில் 'தயாரித்தவர்' என்று லாகின்காரரின் பெயர் தானாக அச்சாகும். அவள் போட்ட ரிப்போர்ட்டெல்லாம் என் பெயரோடு பெங்களூர் ஹெட் ஆபீசுக்குப் போயின.

ஒருமுறை டைரக்டர் வந்தார். கையில் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு என் பெயரை வாசித்து, "யாரம்மா அது?" என்றார். அவள் பின்னாலிருந்து என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"போங்க்கா, உங்களைத்தான் கூப்புடுறாரு."

டைரக்டர் மற்ற மூன்று ஊர்க் கிளைகளிலிருந்தும் இப்படி ஒரு ரிப்போர்ட் வருவதில்லை என்றார். நான் தலையை ஆட்டினேன். அவர் போன பிறகு, "நீதான் போட்டதுன்னு சொல்லியிருக்கலாமே" என்று அவளைக் கேட்டேன்.

"சொல்லி என்னக்கா ஆவப்போவுது? அவருக்குப் பாராட்ட ஒரு மொகம் வேணும். உங்க மொகம் குங்குமமும் பூவுமா லட்சணமா இருக்குது. என் மொகத்தப் பாத்தா இவளுக்கு வெளையாட்டுப் புத்தின்னு நெனச்சுக்குவாரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கேலி செய்கிறாளா, நிஜமாகவே விட்டுக்கொடுக்கிறாளா என்று வீட்டில் சோறு பிசைந்து ஊட்டும்போதெல்லாம் யோசித்தேன். கேலி என்றால் கோபப்படலாம். விட்டுக்கொடுப்பது என்றால் அதைத்தான் தாங்க முடியவில்லை. தூக்கிக் கொடுக்க அவளிடம் அவ்வளவு இருக்கிறதா?

பிறகு அவளுக்குப் பெங்களூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை கிடைத்தது. செய்தியைச் சொன்ன அன்று கீழ்த்தளத்துப் பெண்கள் எல்லோரும் மாடிக்கு வந்து அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்கள். நானும் சந்தோஷப்பட்டேன். அவள் போனால் என்னை யாரோடும் ஒப்பிட மாட்டார்கள் என்ற சந்தோஷம். அதே வாரத்தில் புது மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். மெட்ராஸில் சில வருஷம் இருந்த கன்னடக்காரர், எங்களோடு அவருக்கே உரிய தமிழில் பேசுவார்.

"ஹெட் ஆபீஸ்ல ஒங்களையே கம்ப்யூட்டர் ரூம் இன்சார்ஜ் பண்ணணும் அந்தாங்க. ரிப்போர்ட் எல்லாம் பாத்துட்டு சொல்றாங்க. நெக்ஸ்ட் ஷிப்மென்ட் ஆகட்டும், ஆர்டர் கொடுத்தர்றேன்."

அவள் போட்ட ரிப்போர்ட்டுக்கு எனக்குப் பதவி. சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் பதவி போய்விடும். வெளியிலிருந்து ஒருத்தியைக் கொண்டுவருவார்கள், நான் அவளுக்குக் கீழே உட்கார வேண்டும். சொல்லாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் முதல் ஷிப்மென்ட்டிலேயே சாயம் வெளுத்துவிடும். அப்புறம் சொல்லலாம், வேலையை முதலில் கற்றுக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்டேன். ஆனால் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து கற்றுக்கொள்ளவும் மனம் வரவில்லை.

"கடைசி நாள் மத்தியானம் ரெண்டு பேரும் உக்காந்து எல்லாம் மாத்திக்கலாங்க்கா" என்றாள் அவள். ஆனால் அன்று மதியம் மாமியாரிடமிருந்து போன் வந்தது. குழந்தைக்கு உடம்பு கொதிக்கிறதாம். மைசூர்பாக்கும் போண்டாவும் தட்டில் அப்படியே இருக்க நான் ஓடிவிட்டேன். அவள் சாயங்காலம் வரை எனக்காகக் காத்திருந்தாளாம். அதற்குள் பெங்களூரிலிருந்து வந்திருந்த சிஸ்டம் எஞ்சினியர், மேனேஜர் சொன்னபடி, வேலையை விட்டுப் போகிறவளின் பெயரில் இருந்த லாகினை எடுத்துவிட்டு பஸ் ஏறினார்.

திங்கட்கிழமை காலை குழந்தைக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. அந்த நிம்மதியில் வந்து உட்கார்ந்து, வழக்கம் போல் அவள் பெயரை அடித்தேன். திறக்கவில்லை. மறுபடி அடித்தேன். அப்புறம்தான் உறைத்தது. போனவள் அவள், எடுக்கப்பட்டது நான் இருந்த இடம். மிச்சம் இருந்தது என் பெயரில் உள்ள லாகின். அதன் பாஸ்வேர்டு என்னவென்று எனக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் லாரி மெட்ராஸ் துறைமுகத்துக்குக் கிளம்ப வேண்டும். இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்ட்டும் அந்த லாகினுக்குள் இருந்தன. நான் இன்சார்ஜ் ஆவதற்கு முந்தைய ஷிப்மென்ட் அதுதான்.

அவளாக இருந்து யோசித்தேன். மல்லிகை என்று அடித்தேன். அவள் ஊர்ப் பெயரை அடித்தேன். அவள் புதிதாகச் சேரப்போகிற கம்பெனியின் பெயரை, அவளுக்குப் பிடித்த நடிகரின் பெயரை, அவளைப் பார்க்க ஒருமுறை ஹாஸ்டல் வாசலில் நின்றதாகச் சொன்ன பையனின் பெயரைக்கூட. அவளைப் பற்றி எனக்கு இவ்வளவு தெரிந்திருக்கிறதே என்று வெட்கமாக இருந்தது. எதற்கும் திறக்கவில்லை.

மேனேஜர் கதவைத் தள்ளித் தலையை நீட்டினார். அவசரத்தில் அவர் செருப்பைக் கழற்றியிருக்கவில்லை.

"ஏனம்மா, பிரிண்ட் ஆச்சா?"

"லாகின் திறக்கலை சார்."

"யாருது? ஒங்களுதா? ஸ்வந்த பாஸ்வேர்டு மறந்து போச்சா?"

"குழந்தைக்குக் காய்ச்சல் சார்..."

அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்கவில்லை. எஞ்சினியருக்கு போன் போட்டார். அவர் ஹூப்ளிக்குப் போயிருக்கிறார், நாளைக்குத்தான் கிடைப்பார் என்றார்கள். மேனேஜர் வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெளியே போனார்.

எதிரில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். பெங்களூரில் அவள் தங்கியிருந்த சித்தப்பா வீட்டு எண் என்னிடம் இருந்தது. மறுநாள்தான் அவள் வேலையில் சேர வேண்டும், வீட்டில் இருப்பாள். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு ரிசீவரைப் பிடித்த பிறகும் எண்ணைச் சுழற்ற மனம் வரவில்லை. அவளிடம் போய்க் கேட்க வேண்டியிருக்கிறதே என்பதுதான். என் பெயருக்கான சாவியை.

"அக்கா! பையனுக்கு எப்படிங்க்கா இருக்குது?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"பரவாயில்லை. இங்க பாரு, உன் லாகினை எடுத்துட்டாங்க. நான் உள்ள போகணும். இப்ப நீ வெச்சிருக்கிற பாஸ்வேர்டு என்ன?"

"நான் என்ன வெச்சேன்? நீங்க லீவுல போறப்போ சொன்னீங்கல்ல, அதேதானுங்க்கா."

"மாத்தலையா?"

"உங்க லாகினு. நான் எதுக்கு மாத்தப்போறேன்?" பிறகு அவளே சொன்னாள். "என்னுதை நீங்க மாத்தினீங்க, எனக்குத் தெரியுமுங்க்கா. பழைய ஃபைல் ஒண்ணு எடுக்கலாம்னு ஒருநாள் போட்டுப் பாத்தேன், போகல. செரி, அக்கா ஏதோ பயந்துக்கறாங்கன்னு விட்டுட்டேன்."

"சரி, வெக்கிறேன்" என்றேன்.

"பேக்கிங் லிஸ்ட்ல எடையை மட்டும் ஒருக்கா நீங்களே கூட்டிப் பாத்துருங்க. என் புரோகிராமு சில நேரம் ஏமாத்தும்."

அந்தப் பாஸ்வேர்டு, குழந்தை வயிற்றில் இருந்தபோது நான் வைத்தது. பெண்ணாகப் பிறந்தால் வைப்பதற்கென்று எனக்குள் முடிவு செய்திருந்த பெயர். பிறந்தது பையன். அந்தப் பெயரை நானே மறந்திருந்தேன், அவள் 'அதேதான்' என்றபோதுதான் நினைவு வந்தது. அவள் தினமும் காலையில் வந்து, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, அதைத்தான் அடித்திருக்கிறாள். அடித்தேன், திறந்தது. அவளுடைய வாழ்க்கையில் உள்ளதையெல்லாம் போட்டுப் பார்த்த நான், என்னுடையதில் ஒன்றைப் போட்டுப் பார்க்கவில்லை. அவளும் என்னைப் போல் பாஸ்வேர்டை மாற்றியிருப்பாள் என்று நம்பியதால்.

எடையைக் கூட்டிப் பார்த்தேன். ஒரு பெட்டி விடுபட்டிருந்தது, திருத்தினேன். பிரிண்டர் கிரீச்சிட்டுக்கொண்டே தாளைத் துப்பியது. லாரி கிளம்பியது. அதன் பிறகு மேனேஜர் அறைக்குப் போனேன். இதற்கு மேல் ஒத்திப்போட முடியவில்லை.

"சார், ஹெட் ஆபீஸ்ல நல்லாயிருக்குன்னு சொன்ன ரிப்போர்ட்டெல்லாம் நான் போட்டதில்லை. அவ போட்டது. லாகின் மாறிப்போச்சு, அதனால என் பேர் விழுந்திருக்கு."

அவர் டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

"அது பெங்களூர்காரங்களுக்கு கொத்தில்ல, தெரியாது. எனக்கு கொத்து. தினா பாக்கறேனல்லா, யாரு எங்க உக்காந்திருக்காங்கன்னு."

"அப்ப இன்சார்ஜ்..."

"நெக்ஸ்ட் மந்த் ரிப்போர்ட் யாரு மாடறது?"

"நான்தான் சார்."

"அஷ்டே. ஹோகி."

அவ்வளவுதான், போங்கள் என்று அனுப்பிவிட்டார். உண்மையைச் சொல்லியும் பதவி போகவில்லை. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். பஸ்ஸில் வரும் வழியெல்லாம், அவருக்கு முதலிலேயே தெரியுமென்றால் என்னை ஏன் இன்சார்ஜ் ஆக விட்டார், வேறு ஆள் கிடைக்காததாலா என்று குடைந்துகொண்டே வந்தேன்.

அடுத்த மாத ரிப்போர்ட்டை நான் போட்டேன். நிஜமாகவே நான் போட்டது, அடியில் என் பெயர். குழந்தைக்குப் பல் முளைக்கிற சமயம். கண் எரிய எரிய உட்கார்ந்து, இரண்டு முறை சரிபார்த்து அனுப்பினேன். ஹெட் ஆபீசிலிருந்து போன் வந்தது. ஒரு நாட்டின் கணக்கை இன்னொன்றில் கூட்டியிருந்தேன்.

"என்னம்மா ஆச்சு ஒங்களுக்கு?" என்றார் அந்தப் பக்கம் பேசியவர், மிகவும் அக்கறையாக. "நீங்க இப்படித் தப்புப் பண்ற ஆளே இல்லையே. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"கொஞ்சம் சரியில்லை சார்" என்றேன்.

ரிசீவரை வைத்துவிட்டு அவளுடைய பழைய ரிப்போர்ட்டுகளைக் கட்டோடு எடுத்து வைத்துக்கொண்டேன். ஒவ்வொன்றின் அடியிலும் என் பெயர். அவள் போன பிறகு ஒப்பிட ஆள் இருக்காது என்று நினைத்த நான், இப்போது என் பெயரோடேயே போட்டிபோட வேண்டியிருந்தது. அந்தப் பெயரில் முன்பு இருந்தவள் என்னைவிடக் கெட்டிக்காரி, என்னைவிடப் பெருந்தன்மைக்காரி. அவளை எப்படித்தான் பிடிக்கவில்லை என்று சொல்வது?

கூட்டல்களை அவள் எந்த வரிசையில் போட்டிருக்கிறாள் என்று பார்த்து, என்னுடையதைத் திருத்த ஆரம்பித்தேன். ஆள் விலகினால் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்று மேனேஜர் புதிதாக ஒரு விதி போட்டிருந்தார். விதியை மீறுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. அந்தப் பாஸ்வேர்டை மட்டும் நான் மாற்றவில்லை.