பலகையில் 5:40

இதை நம்பச் சொல்லி யாரையும் கெஞ்ச மாட்டேன். கதை கட்டுவதாக இருந்தால் என்னை நல்லவனாகக் காட்டும் கதையாகப் பார்த்துக் கட்டியிருப்பேன். இதில் நான் கேவலமான ஆள். அப்படியும் சொல்கிறேன் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் என் மாமனார் இறந்துபோனார். எண்பத்து நாலு வயது. தூக்கத்திலேயே போய்விட்டார். முப்பத்தாறு வருடம் நிலவியல் பேராசிரியர். நாற்பத்தாறாவது வயதில் யாரிடமும் சொல்லாமல் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டவர். "பாறையைக் குனிஞ்சு குனிஞ்சு பாத்து முதுகு போச்சு. இனிமே மேல இருந்து பாத்துக்கறேன்" என்பது அவர் சொன்ன காரணம். ஓய்வு பெற்ற பிறகு சனிக்கிழமை தவறாமல் பறந்தார். எழுபது தாண்டியும் சைக்கிள் மிதித்துத்தான் விமான கிளப்புக்கு வருவார். அங்கே எல்லோருக்கும் அவர் வாத்தியார். பலகையில்கூட அவரே அப்படித்தான் எழுதுவார்.

அந்தப் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிளப் அலுவலகத்தில் ஒரு கரும்பலகை உண்டு. கிளம்புகிறவர் தன் பெயரையும் திரும்பும் நேரத்தையும் எழுதிவிட்டுப் போவார். விமானம் இறங்கி நிற்பதைக் கண்ணால் பார்த்த பிறகே அழிக்க வேண்டும். சொன்ன நேரத்துக்கு மேல் அரை மணி ஆகியும் வரவில்லையென்றால் தேடச் சொல்லி போன் செய்ய வேண்டும். சனிக்கிழமைகளில் அது என் வேலை. மாமா பிடித்து உட்கார வைத்திருந்தார்.

பதினொரு வருடம் முன்பு ஒரு சனிக்கிழமை. பலகையில் 'வாத்தியார் 5:40' என்று இருந்தது. ஆறு மணிக்கு நண்பன் வீட்டில் மேட்ச் பார்க்கப் போக வேண்டும். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. 5:25க்கு எஞ்சின் சத்தம் கேட்டது. ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். வெள்ளை விமானம், சக்கரம் தரையைத் தொட்டது. அவ்வளவுதான் பார்த்தேன். அழித்தேன், பூட்டினேன், ஓடினேன். அது வேறு ஊர் விமானம். பயிற்சிக்காகத் தரையைத் தொட்டுவிட்டு மறுபடி மேலே ஏறிப் போய்விட்டது. விமானக் கொட்டகைக்குப் பின்னால் மாமாவின் சைக்கிள் நிற்கிறதா என்று ஒரு எட்டு போய்ப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை.

அத்தை அன்று தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். என் மனைவி போனில் கேட்டாள், "அப்பா இறங்கிட்டாரா?"

"இறங்கிட்டார்" என்றேன்.

அவர் இறங்கியிருந்தது ஒரு தரிசு நிலத்தில். எஞ்சின் நின்று, மூக்கு மண்ணில் குத்தி, வலது கால் மிதிக்கட்டையின் அடியில் சிக்கிக்கொண்டது. வயர்லெஸ் உடைந்துவிட்டது. செல்போன் சைக்கிள் பையில் இருந்தது. காலையில் ஒரு பால் வண்டிக்காரர் பார்க்கும்வரை அவர் அங்கேயே கிடந்தார். அந்தக் கால் அப்புறம் நேராகவே இல்லை.

கிளப்பில் விசாரித்தார்கள். "பலகையில எழுத நான்தான் மறந்துட்டேன்" என்றார் மாமா. மறதி வந்துவிட்டது என்று சொல்லி இனி தனியாகப் பறக்கக் கூடாது என்றார்கள். அதன்பிறகு பயிற்சியாளர் ஓட்ட, இவர் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். "இப்ப நான் மூட்டை" என்று சிரிப்பார். விசாரணையில் அவர் அப்படிச் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. மனைவி கேட்டபோதும், யாரோ சொன்னதை நம்பி அப்படிச் சொல்லிவிட்டேன் என்று சமாளித்தேன்.

அவரும் கேட்கவில்லை. தனியாக இருக்கும்போது மட்டும் பேச்சு முடிகிற நேரத்தில், "அப்புறம் மாப்பிள்ளை, வேற ஏதாவது?" என்பார். "ஒண்ணுமில்ல மாமா" என்பேன். பதினொரு வருடமும் இப்படியே போனது.

நினைவு மலரில் அவருடைய வாழ்க்கையை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. "அப்பாவுக்கு உங்களைத்தான் ரொம்பப் பிடிக்கும்" என்றாள் மனைவி. எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

போன சனிக்கிழமை மாலை 4:50க்கு அலுவலகத்தைத் திறந்தேன். காற்று பலமாக இருந்ததால் அன்று யாரும் பறக்கவில்லை. ஆள் நடமாட்டமே இல்லை. பலகை சுத்தமாக இருந்தது. முந்தின நாள் கார் கதவில் நசுங்கிய இடது கட்டைவிரலில் பெரிய கட்டு. அதோடு மலருக்காக அங்கிருந்த அவருடைய பறப்புக் குறிப்பேடுகளைப் புரட்டித் தேதிகளை எழுதிக்கொண்டேன். அந்தச் சனிக்கிழமையின் வரி வந்தது. ஏறிய நேரம் 3:10. இறங்கிய நேரம்... காலியாக விட்டிருந்தார்.

5:12. முதுகுக்குப் பின்னால் கீச்சென்று ஒரு சத்தம்.

திரும்பினேன். ஒரு சாக்பீஸ் தரையில் உருண்டுகொண்டிருந்தது. காற்று என்று நினைத்தேன். ஜன்னல் சாத்தியிருந்தது.

நிமிர்ந்து பலகையைப் பார்த்தேன்.

வாத்தியார் 5:40.

அவருடைய கையெழுத்து. அந்த 4, கவிழ்த்துப் போட்ட நாற்காலி மாதிரி. எனக்குத் தெரியாதா?

5:25. எஞ்சின் சத்தம். சக்கரம் தரையில் தேய்கிற சத்தம். ஜன்னலுக்கு ஓடினேன். ஓடுபாதை காலியாகக் கிடந்தது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அந்த நேரத்திலும் என் கை தானாக டஸ்டரை எடுத்தது. அழித்துவிட்டு ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. பலகை வரை போனேன். கை எழவில்லை.

ஒருமுறை பூட்டிவிட்டுப் போனவன் நான். இன்னொரு முறை முடியவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

5:40. ஒன்றுமில்லை.

6:00. வெளிச்சம் குறைந்தது. விளக்கைப் போட்டேன்.

6:10. அரை மணி ஆகிவிட்டது. போன் செய்ய வேண்டிய நேரம். யாருக்குச் செய்வது? என்ன சொல்வது?

6:12. வெளியே சரளைக் கல்லில் சத்தம்.

சர்ர்ர்... நின்றது. சர்ர்ர்... ஒரு காலை இழுத்துக்கொண்டு யாரோ வருகிறார்கள். ஓடுபாதைப் பக்கமிருந்து.

படி ஏறும் சத்தம்.

கதவுக்கு அடியில் நிழல். பெட்ரோல் வாடை. ஈர மண் வாடை.

"மாப்பிள்ளை..."

எண்பத்து நாலு வயதுக் குரல் இல்லை. பழைய குரல். கணீரென்று.

"நான் இறங்கிட்டேனா?"

நாற்காலியைவிட்டு எழுந்தேன்.

"சொல்லுப்பா. இறங்கிட்டேனா?"

அழுதுவிட்டேன். "இல்ல மாமா. நீங்க இறங்கல. நான் சரியா பாக்கல. மேட்ச் பாக்கற அவசரத்துல அழிச்சிட்டேன். நான்தான்..."

கடிகாரத்தைப் பார்த்தேன். 6:14.

"சரி" என்றது குரல்.

சர்ர்ர்... சர்ர்ர்... ஓடுபாதைப் பக்கம் போய் மறைந்தது. நான் எப்படி வீடு வந்தேன் என்று எனக்கு நினைவில்லை. பலகையை மட்டும் அழிக்கவில்லை.

மறுநாள் காலை அத்தை ஒரு பழைய பாக்கெட் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். "அன்னிக்கு ராத்திரி அந்த விமானத்துக்குள்ள கிடந்தப்போ எழுதினது. படிக்க எனக்கு மனசு வரல. மலருக்கு ஆகுமான்னு நீங்க பாருங்க."

பென்சில் எழுத்து. அதே நாற்காலி 4.

'5:05. எஞ்சின் நின்றது. கால் மாட்டிக்கொண்டது. அசைக்கவே முடியவில்லை.'

'5:40. இப்போது மாப்பிள்ளை ஜன்னலில் நிற்பான்.'

'6:10. போனை எடுத்திருப்பான். பாவம், பயந்துபோயிருப்பான்.'

'6:14. கண் அசந்துவிட்டது போல. கிளப் வாசல் வரை போய் நின்றேன். கதவு இடுக்கில் பார்த்தேன். மாப்பிள்ளைக்குத் தலையெல்லாம் நரைத்திருந்தது. இடது கட்டைவிரலில் ஒரு கட்டு. அழுதுகொண்டே சொல்லிவிட்டான்.'

பதினொரு வருடம் முன்பு என் தலையில் ஒரு நரைகூடக் கிடையாது. கையிலிருந்த நோட்டைப் பார்த்தேன். அதைப் பிடித்திருந்த விரலில் கட்டு அப்படியே இருந்தது.

கடைசியாக ஒரு குறிப்பு இருந்தது.

'6:20. இன்று யாரும் வர மாட்டார்கள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். வீட்டில் சொல்லக் கூடாது. மாப்பிள்ளையே ஒருநாள் சொல்லட்டும். அதுவரை காத்திருப்பேன்.'