கத்தரிக்கு முன்னால் ஒரு கோடு

அதனால்தான் சொல்கிறேன், சகாயமேரியை யாரும் ஊசி போடுகிற டாக்டர் என்று எழுதிவிடாதீர்கள். சர்ச் பக்கம் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் ஸ்டெதாஸ்கோப் படம் போட்டிருந்தார்கள். அவர் அதைத் தொட்டதே இல்லை. நோயை எதிர்க்கும் பொருள் நம் உடம்பில் எப்படி உண்டாகிறது என்று நகரத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் பார்த்துக்கொண்டிருந்தவர். நான் பாகூரில் அவருக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தவள்.

சேதி வந்தபோது மாரியம்மனுக்குச் சாத்தும் பாவாடைக்கு ஜரிகை வைத்துக்கொண்டிருந்தேன். என் தங்கை மகள் கலாதான் போன் செய்தாள். "பெரிம்மா, டாக்டரம்மா போயிட்டாங்க" என்றாள். சில மாதங்களாக அவருக்கு உடம்பு முடியவில்லை என்பது தெரிந்ததுதான். ஆனாலும் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. தாயே, கொஞ்சம் பொறுத்துக்கொள் என்று அம்மனிடம் சொல்லிவிட்டு மிஷினை மூடினேன்.

அவரை நாங்கள் நெருங்கியது கலாவின் மகள் யாழினியால். அந்தக் குழந்தைக்கு ஓயாமல் நெஞ்சுச்சளி, காதில் சீழ், காய்ச்சல். ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளே இல்லை, மாதாமாதம் வெளியிலிருந்து ஏற்றினால்தான் பிழைக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கலாவின் மாமனார், கோயிலில் கரகம் எடுப்பவர், எல்லாம் மருமகள் வயிற்றுக் கோளாறு என்றார். அவள் சோற்றைத் தொடுவதையே விட்டுவிட்டாள். அளவு கொடுக்க வந்த சகாயமேரியிடம் இதைச் சொல்லி அழுதேன்.

அவர் தரையில் உட்கார்ந்து என் வெட்டுத்துணிகளை மூன்று குவியலாகப் பிரித்தார். எலும்புக்குள் பி செல் என்று ஒன்று வளர்கிறதாம். எதிர்ப்புப் பொருளுக்கான மரபணு அதில் முழுத்துணியாக இருக்காதாம், துண்டு துண்டாகக் கிடக்குமாம். குவியலுக்கு ஒரு துண்டாக வெட்டியெடுத்து ஒட்டுப்போட வேண்டும். வெட்டுகிற கத்தரியும் செல்லுக்குள்ளேயே இருக்கிறதாம். ஒவ்வொரு செல்லும் வேறு வேறு துண்டை எடுப்பதால்தான் வேறு வேறு கிருமிக்கு வேறு வேறு ஆயுதம் கிடைக்கிறது. ஒட்டியதைத் திரும்பப் பிரிக்க முடியாது.

"கத்தரி இருந்தா வெட்ட வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"நீங்க கோடு போடாம வெட்டுவீங்களா, அக்கா?" என்றார்.

அந்தக் கோடு போடுகிறவர்களைத்தான் அவர் ஆயுசு முழுக்கப் படித்தார். ட்ரான்ஸ்கிரிப்ஷன் ஃபாக்டர் என்று பெயர், ஒரு வகைப் புரதம். சுருட்டி வைத்த துணியை விரித்து, இந்த இடம், இந்த நேரம், முதலில் இது, அப்புறம் அது என்று அவைதான் காட்டுகின்றன. இதே கத்தரி வேறொரு வகைச் செல்லிலும் இருக்கிறதாம். ஆனால் அங்கே இந்தத் துணியைச் சரியாக விரித்துக் கொடுப்பவர் இல்லாததால் இந்த வேலை முடிவதில்லை. யாழினிக்கும் அப்படி ஒரு புரதம்தான் கெட்டிருக்கும் என்று சந்தேகப்பட்டார். சந்தேகத்தோடு விடவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்களிடம் விடாமல் பேசிப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தார்.

முடிவு வந்ததும் நேராகக் கலாவின் வீட்டுக்குப் போனார். மாமனாருக்கு எதிரே உட்கார்ந்தார். "மரபணுல ஒரே ஒரு எழுத்து மாறியிருக்குது. அம்மாகிட்டேருந்தும் வரல, அப்பாகிட்டேருந்தும் வரல. புள்ளகிட்ட புதுசா வந்தது. மருமவள சொல்றத இன்னியோட வுட்டுடுங்க" என்றார். அன்று கலா சாப்பிட்டாள்.

அதோடு முடியவில்லை. அந்த ஆடியில் திருவிழாவுக்குக் காப்புக் கட்ட நாள் குறித்தார்கள். காப்புக் கட்டிவிட்டால் அவிழ்க்கும்வரை ஊர்க்காரர்கள் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. மருந்து ஏற்ற ஆஸ்பத்திரியில் தங்க வேண்டிய நாளும் அதற்குள் வந்தது. ஒரு மாதம் தள்ளிப் போடலாம், அம்மன் பார்த்துக்கொள்வாள் என்றார் மாமனார். எனக்கும் அம்மன்மேல் நம்பிக்கை உண்டு. ஆனால் அந்தக் குழந்தை மூச்சுக்குத் தவித்ததைப் பார்த்தவள் நான்.

சகாயமேரி கோபப்படவில்லை. மாமனாரிடமே, "காப்பு கட்டறப்ப ஊர்லயே இல்லாதவங்களுக்கு இன்னா கணக்கு?" என்று கேட்டார்.

"அவுங்கள காப்பு கட்டுப்படுத்தாது."

"அப்ப நாளைக்கே அழைச்சினு போறேன். பண்டசோழநல்லூர்ல எங்கம்மா வூட்ல இருக்கட்டும்."

"வேதக்காரங்க வூட்லயா?"

"ஏன், மாரியம்மா அங்க வரமாட்டாங்களா?"

மாமனார் சிரித்துவிட்டார். மறுநாள் ஆட்டோ பிடித்து வந்தவரும் அவரேதான். அது முதல் ஒவ்வோர் ஆடியிலும் காப்புக்கு முந்தின நாள் தாயும் மகளும் அந்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். மருந்து ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. யாழினி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

சகாயமேரியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த மூன்று குவியல். பிள்ளைக்கு நோய் என்றதும் தாயைக் குறை சொல்ல யார் வாயெடுத்தாலும், உட்கார வைத்துத் துணியைப் பரப்பிவிடுவேன். இந்த ஆடிக்கும் யாழினி பண்டசோழநல்லூருக்குப் போவாள். அழைத்துப் போக அவர் இல்லை, நான் போகிறேன்.

அட, இப்போதுதான் ஞாபகம் வருகிறது. போன பொங்கலுக்கு யாழினிக்குப் பாவாடைத் துணி எடுத்துக் கொடுத்தபோது, அடியில் வரிசையாக மடிப்பு வைத்துத் தைக்கச் சொன்னார், வளர வளரப் பிரித்துவிடலாம் என்று. முதல் மடிப்பை இந்த ஆடிக்குப் பிரிக்க வேண்டும்.