எங்க நிக்கிறியள்?

“போறது” என்று எழுதியிருந்த நீலப் பொத்தானை அழுத்திவிட்டு எங்கள் கணினி விரிவுரையாளர் கைத்தொலைபேசித் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். கல்லூரிக் காலத்தை நினைத்தால் இந்தக் காட்சிதான் எனக்கு முதலில் வருகிறது. குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவுக்குப் போகும் படகின் நேரத்தை அவர் எதிர்பார்த்தார். திரையில் வந்ததோ நெடுந்தீவிலிருந்து புறப்படும் படகின் நேரம். இன்னொரு தரம் அழுத்தினார். திரும்பவும் அதே நேரம்.

“பிள்ளையள், இது தலைகீழாய்க் கிடக்குது” என்றார். கணக்கில் புலி என்று பெயரெடுத்த நான் அவசரமாக நிரலைத் திறந்து பார்த்தேன். என்னோடு சேர்ந்து அந்த இணையத்தளத்தைச் செய்த நெடுந்தீவு அக்கா அசையவேயில்லை. “சேர், நான் வீட்டில நிண்டெல்லோ எழுதினனான்” என்றார்.

இணையத்தள வடிவமைப்பு அப்போது எங்கள் கல்லூரிக்குப் புதுப் பாடநெறி. எந்த ஒரு துறைக்குள்ளும் அடங்காத படிப்பு. காலையில் நிரலாக்கம், மத்தியானம் சித்திரம், பின்னேரம் மொழி. கணக்குப் படித்த பிள்ளைகளும் சித்திரம் படித்த பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருந்து ஒருவரையொருவர் நக்கலாகப் பார்த்துக்கொள்வோம். வீட்டுக்காரருக்கு இதை விளங்கவைப்பது பெரும்பாடு. தென்பகுதியில் கடை வைத்திருந்த புங்குடுதீவுக்காரரான என் அப்பா, “இதைப் படிச்சா என்ன விக்கலாம்?” என்று கேட்டார். நெடுந்தீவு அக்காவின் ஐயா கடற்றொழிலாளி. “வலைப் படிப்பெண்டா வீட்டிலயே படிக்கலாமே, நான் காட்டித்தாறன்” என்றாராம். அக்கா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஊரில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துவிட்டுப் பிந்தி வந்து சேர்ந்தவர் அவர். படம் கீறுவதும் சொற்களும் அவர் பொறுப்பு, நிரல் என் பொறுப்பு. சோளகக் காற்று வீசிக் கடல் கொந்தளிக்கும் காலத்தில் படகு ஓடுமா ஓடாதா என்று தெரியாமல் சனம் துறைவரை வந்து வெயிலில் காய்ந்து திரும்பும். அதற்காகத்தான் இறுதி வருடத்தில் படகு நேரத் தளம் ஒன்றைச் செய்தோம். அடுத்த கிழமைக்குள் திருத்தாவிட்டால் பரீட்சையில் சித்தி தர ஏலாது என்று சொல்லிவிட்டார் விரிவுரையாளர். அவர் சொன்னதிலும் பிழையில்லை.

அன்று பின்னேரம் ஊருக்குப் போகும் பஸ்ஸில் இருவரும் சண்டை பிடித்தோம். “போறது”, “வாறது” இரண்டையும் இடம் மாற்றிவிடுவோம் என்றேன் நான். முடியாது என்றார். “புறப்பாடு, வருகை எண்டு போடுவமோ அக்கா?” “ஏன், அங்க பிளேனோ ஓடுது?” பிறகு அக்கா யன்னலைப் பார்த்தபடி சொன்னார்: “எல்லாரும் எங்கட ஊரைப் போற இடமாத்தான் வைச்சிருக்கினம். வாற இடமெண்டு ஒருத்தரும் நினைக்கேல்லை.” அவர் தெரிந்தேதான் எழுதியிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பஸ் புங்குடுதீவுப் பாலத்தில் ஏறியபோது அவருடைய தொலைபேசி அடித்தது. அவர் அம்மா. சாப்பிட்டாயா, சுகமா என்று ஒன்றுமில்லை, “எங்க நிக்கிறாய்?” என்று கேட்டது எனக்கே கேட்டது. “பாலத்தில நிக்கிறன் அம்மா.” தொலைபேசியை வைத்தவர் என் கையை இறுக்கிப் பிடித்தார். “தங்கச்சி, நாங்களும் முதல்ல கேட்டுப்போட்டுக் காட்டுவம்!”

அப்படித்தான் முதற்பக்கத்தில் “எங்க நிக்கிறியள்?” என்ற கேள்வி வந்தது. அதன்கீழ் இரண்டே பொத்தான்கள்: குறிகட்டுவான், நெடுந்தீவு. எங்கே நிற்கிறாயோ அங்கிருந்து போகும் படகும், அங்கே வரும் படகும் சரியாக வந்தன. மொழி விரிவுரையாளர் “நிற்கிறீர்கள்” என்று திருத்தச் சொன்னார். அக்கா நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார், திருத்தவில்லை. இருவரும் சித்தியடைந்தோம்.

கலியாணம் முடித்து அவர் கனடா போய்ப் பல வருடமாகிவிட்டது. நான் யாழ்ப்பாணத்தில் கடைகளுக்குத் தளம் செய்துகொடுத்துப் பிழைக்கிறேன். அந்தப் படகுப் பக்கத்தையும் நான்தான் இன்னும் பார்த்துக்கொள்கிறேன். பிழைப்புக்கு உதவாத வேலை, விட மனமில்லை. அவர் சிரிப்பு இல்லாமல் அந்தப் பக்கத்தைத் திறக்க இன்றும் எனக்கு ஒரு மாதிரித்தான் இருக்கிறது.

போன கிழமை அக்கா தொலைபேசியில் கதைத்தார். ஐயா ஊரில் தனியாக இருக்கிறார் என்றார். பிறகு, “காலமை எழும்பினதும் எங்கட பக்கத்தைத்தான் திறந்து பாக்கிறனான். இண்டைக்குப் படகு ஓடுதோ எண்டு. திறந்தவுடன எங்க நிக்கிறியள் எண்டு கேக்குது. எனக்கு அமத்தப் பொத்தான் ஒண்டுமில்லையே, தங்கச்சி” என்றார். சிரித்தபடிதான் சொன்னார்.

“கனடா எண்டு ஒரு பொத்தான் போட்டு விடட்டோ அக்கா? அஞ்சு நிமிச வேலை.”

“வேண்டாம்” என்றார். “போட்டா, பிறகு அதை அமத்த வேண்டி வந்திடும்.”