வீட்டுக்கு மேலே போன நிழல்

பேய், ஆவி, கெட்ட காற்று என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுக்கிறேன், கீரனூரிலிருந்து தினம் பஸ்ஸில் போய் வருகிறேன், பக்கத்து சீட்டு அக்கா முனி அடித்த கதையை எடுத்தால்கூட "அந்த முனிக்கு வேற வேலையே இல்லையாக்கா" என்று வாயை அடைத்துவிடுவேன். அப்படிப்பட்டவள் சொல்கிறாளே என்பதற்காக நீங்கள் இதை நம்ப வேண்டாம். நானே பாதி நாள் நம்புவதில்லை.

என் அண்ணன் சேகர் வெளிநாட்டில் வெல்டிங் வேலை பார்த்தான். அங்கே வேலை முடிந்து இன்னொரு நாட்டுக்குப் போக ஏறிய விமானம் கடலுக்கு மேலே காணாமல் போனது. டிவியில் கொஞ்ச நாள் அதையே காட்டினார்கள், பிறகு தேர்தல் வந்தது, விட்டுவிட்டார்கள். எங்களால் விட முடியுமா? வீட்டில் நானும் மதினியும்தான். மதினி என்றால் அண்ணன் மனைவி செல்வி. போன் அடித்தால் சோற்றுக் கையோடு ஓடுவார்.

இயற்பியல் படித்தவளுக்கு எல்லாம் தெரியும் என்று எங்கள் சொந்தத்தில் ஒரு நினைப்பு. மிக்ஸி ஓடவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், ஃபேன் சத்தம் போட்டாலும் என்னைத்தான். விமானம் எங்கே போனது என்பதையும் என்னைத்தான் கேட்டார்கள். நானும் சும்மா இருந்தேனா, விசாரணை அறிக்கை முழுவதையும் இறக்கிப் படிக்க உட்கார்ந்தேன்.

படிக்கப் படிக்க எரிச்சல்தான் வந்தது. விமானத்தில் ஒரு கருவி, நான் இன்னார், இன்ன உயரத்தில் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே போகும். அது திடீரென்று நின்றுவிட்டது. அதன் பிறகு வேறொரு ராடாரில் ஒரு புள்ளி திரும்பி மேற்கே போனதாம், அதுதான் இந்த விமானமாம். அந்த மாதிரி ராடார் புள்ளியைத்தான் காட்டும், அது யார் என்று சொல்லாதே. ரொம்ப நாள் கழித்து எங்கோ ஒரு தீவில் விமான இறக்கையிலிருந்து உடைந்த மாதிரி ஒரு பலகை ஒதுங்கியது. அது இந்த விமானத்துடையதாக 'இருக்கக்கூடும்' என்று எழுதியிருந்தார்கள். கூடும் என்றால் என்ன அர்த்தம்? என் பிள்ளைகள் பரீட்சையில் இப்படி எழுதினால் சுழித்துவிடுவேன். புள்ளி போன திசையிலிருந்து அந்தப் பலகை அந்தக் கரைக்கு எப்படி வந்தது என்று விசாரணைக்காரர்களுக்கு மெயில் மேல் மெயில் போட்டேன். உங்கள் கேள்விக்கு நன்றி என்று பதில் வந்தது, கேள்விக்குப் பதில் வரவில்லை.

ஒவ்வொரு மெயிலையும் மதினிக்குப் படித்துக் காட்டுவேன். எனக்கு உறைக்காதது என்னவென்றால், நான் ராடாரைப் பற்றிச் சந்தேகம் கேட்டேன், மதினி அதை அண்ணன் உயிரோடு இருக்கிறான் என்று எடுத்துக்கொண்டார். எங்கள் சித்தப்பாதான் ஒருநாள் பொறுக்க மாட்டாமல் சொன்னார்.

"ஏத்தா மாலா, நீ அந்தப் புள்ளைய நிம்மதியா வாழவும் விடமாட்டேங்குற, ஒரு மூச்சு அழவும் விடமாட்டேங்குற."

எனக்குச் சுருக்கென்றது. அன்று சாயங்காலம் மதினி நேராகவே கேட்டுவிட்டார்.

"நீ சொல்லு மாலா. ஒனக்குத்தான் இதெல்லாம் தெரியும். அவுக இருக்காகளா, இல்லையா?"

அந்தக் கழுத்தில் தாலி இருப்பதும் இறங்குவதும் என் ஒரு வார்த்தையில் நிற்கிறது என்றால் நான் என்ன சொல்வேன்? "தெரியலை மதினி" என்றேன். அவரை அத்தனை நாள் காக்க வைத்துவிட்டுத் தெரியலை என்று சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது. மதினி, "சரி, காரியத்த வச்சுக்குவோம். ஆனா தூக்குற நிமிசம் வரைக்கும் எனக்கு மனசு மாறுனா நிறுத்திப்புடணும்" என்றார். சித்தப்பாவும் சரி என்றார்.

உடம்பு கிடைக்காதவர்களுக்கு எங்கள் பக்கம் வைக்கோலில் ஆள் மாதிரி ஒரு உருவம் கட்டி, அவர்கள் துணியை உடுத்தி, வாசலில் கிடத்தி, மாலை போட்டு, நிஜச் சாவு மாதிரியே அழுது எடுத்துக்கொண்டு போவார்கள். அண்ணனின் நீலக் கட்டம் போட்ட சட்டையைப் போட்டிருந்தார்கள். வைக்கோல்தான் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் காலர் மடங்கியிருந்ததைப் பார்த்ததும் போய் நிமிர்த்திவிட்டேன், அப்புறம் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

நல்ல வெயில். பாடையைத் தூக்கக் குனிந்த நேரத்தில்தான் அது நடந்தது. கடலைக் காட்டுப் பக்கமிருந்து ஒரு நிழல் வந்தது. விமானத்தின் நிழல். ரெண்டு இறக்கையும் வாலும் தெரிந்தது. பந்தலைத் தாண்டி, வைக்கோல் உருவத்தின் மேல் ஏறி, எங்கள் வீட்டு ஓட்டின் மேல் போய் மறைந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். மேலே ஒன்றுமே இல்லை. சத்தமும் இல்லை. திருச்சிக்குப் போகிற விமானங்கள் எங்களுக்குப் புதிதில்லை, சத்தத்தை வைத்தே ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லிவிடுவோம்.

இதையும் கேளுங்கள். உயரத்தில் போகிற விமானத்தின் நிழல் தரைக்கு வருவதற்குள் கலங்கி அழிந்துவிடும், வகுப்பில் நானே படம் போட்டு நடத்துகிற பாடம் இது. ஓரம் அவ்வளவு சுத்தமாக விழ வேண்டுமென்றால் தென்னை மரத்துக்குக் கொஞ்சம் மேலே பறக்க வேண்டும். அப்படிப் பறந்திருந்தால் எங்கள் வீட்டில் ஒரு ஓடு மிஞ்சியிருக்காது.

கொட்டு நின்றுவிட்டது. "அவன் உசுரோட இருக்கான்யா, வேணாம்னு சொல்றான்" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். நம்பினால் நம்புங்கள், "தூக்காதீங்க சித்தப்பா" என்று முதலில் ஓடியவள் நான்தான். முனி கதைக்குச் சிரித்தவள். சித்தப்பா மதினியைப் பார்த்தார். மதினி நிலைப்படி ஓரமாக நின்றுகொண்டிருந்தார், முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை.

"தூக்குங்க மாமா" என்றார்.

தூக்கினார்கள். தாலியும் இறங்கியது. அதற்குப் பிறகு மதினி போன் சத்தத்துக்கு ஓடுவதில்லை, நன்றாகச் சாப்பிடுகிறார், நன்றாகத் தூங்குகிறார். ஏன் தூக்கச் சொன்னீங்க என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

நான் விடவில்லை. விமானங்களைக் காட்டுகிற ஆப்பில் தேடினேன், அந்த நேரத்தில் எங்கள் ஊருக்கு மேலே எதுவும் போகவில்லை. வந்திருந்தவர்களை, காப்பியடித்த பிள்ளைகளை விசாரிக்கிற மாதிரி, ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். எல்லோரும் அதே திசையைத்தான் காட்டினார்கள். யார் என்று சொல்லாத புள்ளியை நம்பமாட்டேன் என்று ஊருக்கெல்லாம் மெயில் போட்டவள், இந்த நிழலை வைத்துக்கொண்டு யாரிடம் போய் நிற்பது?

மஸ்கட்டில் இருக்கும் எங்கள் மாமா ஒருவர் பார்க்க வேண்டும் என்று சித்தப்பா மருமகன் எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்திருந்தார். அதை வாங்கிப் பார்த்தேன். வீடியோவில் நிழல் இல்லை. வெயில் கொஞ்சம்கூட மங்கவில்லை. ஆனால் அத்தனை தலைகளும் ஒன்றாகத் திரும்பி, ஒன்றாக வீட்டுக்கு மேலே நிமிர்கின்றன.

மதினி மட்டும் மேலே பார்க்கவில்லை. நிலைப்படியில் வழியை அடைத்து நின்றவர் நேரே எதிரில் பார்க்கிறார். முந்தானையை இழுத்துச் சரி செய்துகொள்கிறார். பிறகு ஓரமாக ஒதுங்குகிறார், வெளியிலிருந்து ஆள் வந்தால் உள்ளே போக இடம் விடுவோமே, அந்த மாதிரி. வீட்டுக்குள்ளே திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு, அப்புறம்தான் சித்தப்பாவிடம் தூக்கச் சொல்கிறார்.

அந்த வீட்டில்தான் மதினியும் நானும் இன்னும் இருக்கிறோம்.