ரஞ்சிதம் டீச்சரும் ஒரு கிலோ மீனும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தமானில், கராச்சர்மாவில் சேகரின் ஹார்டுவேர் கடை மாடியில் நாங்கள் மூன்று பேர் ஒரு ஃபிளெக்ஸ் பேனரைப் பிரித்துக்கொண்டிருந்தோம். புது ஃபிளெக்ஸுக்கு ஒரு வாசனை உண்டு. உங்களுக்கு அது தேர்தலையோ காதுகுத்தையோ நினைவுபடுத்தலாம். எனக்கு ரஞ்சிதம் டீச்சரின் ரெயின்கோட்தான் மூக்கில் ஏறியது. பேனரில் படமாக இருந்தவரும் அவர்தான்.

டீச்சர் எங்களுக்குத் தமிழ் எடுத்தவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலை உத்தரவும் ஒரு தகரப் பெட்டியுமாகக் கப்பலேறி, போர்ட் பிளேரில் வந்து இறங்கியவர். இங்கே வருஷத்தில் பாதி மழை. நீல ரெயின்கோட்டைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டுத்தான் அட்டெண்டன்ஸ் எடுப்பார். வகுப்பு முழுக்க அந்த பிளாஸ்டிக் வாசனைக்குள் உட்கார்ந்துதான் யாப்பிலக்கணம் படித்தோம். இன்றும் யாராவது ‘நேர் நிரை’ என்றால் எனக்குள் லேசாகத் தூறுகிறது.

போன வருஷம் டீச்சர் ஊரில் காலமானார். பழைய மாணவர்களான சேகர், நர்ஸாக இருக்கும் லட்சுமி, நான், மூவரும் சேர்ந்து அவர் பேரில் ஓர் உதவித்தொகை ஆரம்பித்தோம். தமிழ் எடுத்துப் படிக்கும் ஒரு பிள்ளைக்கு, வருஷத்துக்கு ஒருமுறை. தலைவர் சேகர், ஏனென்றால் மாடி அவனுடையது. செயலாளர் நான். ல, ள, ழ மூன்றையும் ஒரே எழுத்தாக நினைத்து வளர்ந்தவனைத் தமிழ்க் கமிட்டியில் பார்த்திருந்தால் டீச்சர் சிரித்திருப்பார்.

விண்ணப்பம் ஒன்றே ஒன்றுதான் வந்தது. சௌல்தாரி கிராமத்திலிருந்து. பெண்ணின் பெயர் சுஷ்மிதா. அப்பா காய்கறி பயிர் பண்ணும் பெங்காலி.

“அரே, தமிழ் டீச்சர் பேர்ல பெங்காலிப் பொண்ணுக்கா?” என்றான் சேகர். “நம்ம ஆளுங்க கேட்டா என்ன ஜவாப் சொல்றது?”

“நம்ம ஆளுங்க புள்ளைங்க யாராச்சும் அப்ளை பண்ணுச்சா?” என்றாள் லட்சுமி. “உன் பையன் என்ன எடுத்திருக்கான்?”

“ஹிந்தி” என்றான் சேகர், பேனரைப் பார்த்துக்கொண்டே.

ஹிந்தி என்றதும் எனக்கு அந்த மீன் கதை ஞாபகம் வந்தது. சொல்லாமல் விட முடியாது.

வந்த புதிதில் டீச்சருக்கு ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது. எங்களுக்கோ விளையாட்டு, சண்டை, கனவு எல்லாமே ஹிந்தியில்தான். ஒன்பதாவது படிக்கும்போது ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, “ஏல, மீன் என்ன வெலைன்னு ஹிந்தில எப்படிக் கேக்கது?” என்றார். முந்தின நாள்தான் பரீட்சைத் தாளில் எனக்கு இரண்டு மார்க் போட்டிருந்தார். நான் மிகவும் மரியாதையாகச் சொல்லிக்கொடுத்தேன்: “ஹம் மச்லி ஹை, கித்னா?”

நான் மீன், எவ்வளவு?

டீச்சர் அன்று சாயங்காலமே கூடையோடு பஜாருக்குப் போய், நாலு பேர் நடுவில், கணீரென்ற குரலில் கேட்டிருக்கிறார். மீன்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டு, “மேடம், ஆப்கா தாம் ஹம் கைசே போலேகா?” என்றாராம். உங்கள் விலையை நான் எப்படியம்மா சொல்வது? பக்கத்தில் நின்ற ஒரு தமிழ் அம்மாள் சிரித்துச் சிரித்து ஓய்ந்தபிறகுதான் அர்த்தம் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் நான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டேன். டீச்சர் வந்தார், கோட்டை மாட்டினார், கரும்பலகையில் ‘மீன் தன் வரலாறு கூறுதல்’ என்று எழுதினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நேத்து பஜார்ல என்னைய மீனாக்கிட்டேல்லா? மீனுக்கு மனசு எப்படி இருக்கும்னு ஒனக்குத்தாம்ல தெரியும். எழுது. ரெண்டு பக்கம். ஒரு ஹிந்தி வார்த்தை வரப்படாது.”

எழுதினேன். பயத்தில் நன்றாகவே வந்துவிட்டது. கடல், வலை, ஐஸ் பெட்டி எல்லாம் முடிந்து, கடைசி வரியில் மீன் இப்படிச் சொன்னது: ‘என்னை வாங்க ஓர் ஆசிரியை வந்தார். அவர் பேசியதைக் கேட்டு, இவரும் நம் இனம்தான் என்று நிம்மதியாகக் கண்ணை மூடினேன்.’

டீச்சர் டஸ்டரால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மூக்கெல்லாம் சாக்பீஸ் தூள். பத்துக்கு ஏழு போட்டார். போன மூன்றும் ல, ள, ழ சாப்பிட்டது. பிறகு தண்டனையையும் சொன்னார்: சனிக்கிழமைதோறும் நான் கூடவந்து பேரம் பேச வேண்டும். அப்படியே இரண்டு வருஷம் போனேன். வழியெல்லாம் நான் அவருக்கு ஹிந்தி சொன்னேன், அவர் என் தமிழைத் திருத்தினார். வாழ்க்கையில் எனக்கு உருப்படியாகக் கிடைத்த ஒரே டியூஷன் அதுதான்.

இதைச் சொல்லிமுடித்ததும் லட்சுமி, “அந்தப் பொண்ணை நேர்ல கூப்பிட்டுப் பார்ப்போம்” என்றாள்.

அடுத்த ஞாயிறு சுஷ்மிதா வந்தாள். ஒல்லியாக, எண்ணெய் வைத்து இறுகப் பின்னிய தலையோடு. சேகர் தலைவர் தோரணையில், “உனக்கு எதுக்கும்மா தமிழ்?” என்றான்.

“எங்க பக்கத்து வீட்ல எல்லாரும் தமிழ், அங்கிள். அவங்க சண்டை போடறாங்களா, சிரிச்சுப் பேசறாங்களான்னே தெரியாது. அதைத் தெரிஞ்சுக்கத்தான் சேர்ந்தேன்.”

“தெரிஞ்சுதா?”

“சண்டைதான்.”

லட்சுமி சிரித்துவிட்டாள். அந்தப் பெண் மட்டும் சுவரில் மாட்டியிருந்த பேனரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தயங்கித் தயங்கி, “ஒண்ணு சொல்லட்டுமா அங்கிள்? ‘வளங்கும் விழா’ன்னு இருக்கு. ‘வழங்கும்’ இல்லையா?” என்றாள்.

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தோம். ஒரு வாரமாக நாங்கள் பிரித்தும் மாட்டியும் நிமிர்த்தியும் வைத்திருந்த பேனர். ஒருவரும் படித்திருக்கவில்லை. சேகர் கீழே கடைக்குப் போய் மார்க்கர் எடுத்து வந்து, நாற்காலியில் ஏறி, தன் கையாலேயே ளகரத்தை அடித்து ழகரம் போட்டான். இறங்கியதும், “முடிவு பண்ணியாச்சு. எழுதிக்கோ” என்று என்னிடம் சொன்னான்.

பரிசு கொடுத்த கூடம் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்தது. சுஷ்மிதா கவரை வாங்கிக்கொள்ளும் நேரம் பார்த்து மெயின்லேண்டுக்குக் கிளம்பும் கப்பல் ஒன்று நீளமாக ஊதியது. நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

டீச்சர் மாற்றலாகிப் போன அன்றும் இப்படித்தான் ஊதியது. அப்போதெல்லாம் வழியனுப்ப ஊரே துறைமுக ஜெட்டிக்கு வரும். கப்பல் ஓரத்தில் நின்று, கயிற்றை அவிழ்ப்பதிலிருந்து கப்பல் சின்னதாகிப் போகும்வரை அழலாம். இப்போது எல்லோரும் விமானத்தில் போகிறார்கள். கண்ணாடிக் கதவோடு காவலர் நம்மைத் தடுத்துவிடுகிறார். அழ ஆரம்பிப்பதற்குள் ‘ரீச்ட்’ என்று செய்தி வந்துவிடுகிறது.

அன்று கப்பல் நகர்ந்தபோது டீச்சர் மேல்தளத்தில் நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்து என்னவோ கத்தினார். சங்கு அதை அப்படியே விழுங்கிவிட்டது. ‘நல்லாப் படிங்கலே’ என்றார் என்பான் சேகர். ‘அழாதீங்க’ என்றார் என்பாள் லட்சுமி. ‘மழை வருது, வீட்டுக்குப் போங்க’ என்று எனக்குப் பட்டது. அதற்குப் பிறகு அவரிடமிருந்து எத்தனையோ கடிதங்கள் வந்தன. இதையெல்லாமா கேட்பது என்று ஒருவரும் கேட்கவில்லை.

நாங்கள் மட்டும் அன்று ஜெட்டி அதிர, “சரி டீச்சர்!” என்று பதில் கத்தினோம். எதற்குச் சரி சொன்னோம் என்பதை இனிமேல் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை.